கடைக்கால் தோண்டுவதற்கு முன் வாங்க வேண்டிய இசைவாணை

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஐந்தரை ஏக்கர் நிலம் இருக்கிறது. அதில் அண்ணனும் நானும் சேர்ந்து மாம்பழக்கூழ் தொழிற்சாலை போட முடிவு செய்திருக்கிறோம். சீசனில் நாளைக்கு 50 டன் பழம் ஓட்டும் அளவு. வங்கிக் கடன் ஏறக்குறைய முடிந்துவிட்டது. "பொல்யூஷன் போர்டு லைசன்ஸை ஷெட் எழும்பின பிறகு வாங்கிக்கலாம், இப்பவே கடைக்கால் எடுத்தாதான் அடுத்த சீசனைப் பிடிக்கலாம்" என்கிறார் கட்டட கான்ட்ராக்டர். ஆலோசகர் ஒருவரோ சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் எல்லாம் வேண்டும், பல லட்சம் செலவாகும் என்கிறார். அவர் தயாரித்த விண்ணப்ப நகலையும் வரைபடத்தையும் இணைத்திருக்கிறேன். நிலத்தின் கிழக்கு ஓரமாக ஒரு ஓடை போய் ஊர் ஏரியில் சேர்கிறது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் இப்போதே முணுமுணுக்கிறார்கள். நாங்கள் யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

இருவர் சொல்வதையும் கேட்காதீர்கள். கான்ட்ராக்டர் உங்களைச் சட்டச் சிக்கலில் மாட்டிவிடப் பார்க்கிறார். ஆலோசகர் உங்களுக்குத் தேவையில்லாத ஒன்றுக்குச் செலவு வைக்கப் பார்க்கிறார். முதலில் கான்ட்ராக்டர் விஷயம், அதுதான் அவசரம். ஜே.சி.பி.யை நிலத்துக்குள் விடாதீர்கள்.

1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு, கழிவுநீர் வெளியேற்றக்கூடிய எந்தத் தொழிலையும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முன் இசைவு இல்லாமல் நிறுவக் கூடாது என்கிறது. அதோடு நிற்கவில்லை. நிறுவுவதற்கான எந்த நடவடிக்கையும் எடுக்கக் கூடாது என்று சேர்த்தே சொல்கிறது. கடைக்கால் தோண்டுவது சந்தேகத்துக்கு இடமில்லாமல் அப்படியொரு நடவடிக்கை. பாய்லர் வைக்கப் போவதால் 1981-ஆம் ஆண்டு காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவும் உங்களுக்குப் பொருந்தும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பத்தில் நிறுவுவதற்கான இசைவாணை வாங்க வேண்டும். தொழில் வட்டாரத்தில் இதைத்தான் சி.டி.இ. என்பார்கள். கட்டி முடித்த பிறகு, ஓட்டுவதற்கு முன் வாங்குவது இயக்குவதற்கான இசைவாணை, அதாவது சி.டி.ஓ. உங்கள் கான்ட்ராக்டர் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

சட்டம் இருக்கட்டும். அது ஏன் கட்டுவதற்கு முன்பே வாங்கச் சொல்கிறது என்பது அதைவிட முக்கியம். இந்த இசைவாணை முழுக்க முழுக்க இடம் சம்பந்தப்பட்டது. எந்த மூலையில் சுத்திகரிப்பு நிலையம், எந்தப் பக்கம் சரிவு, எந்தக் கால்வாய் எதில் சேர்கிறது, புகைபோக்கி எந்த வீட்டைப் பார்த்து நிற்கிறது என்பதுதான் அதில் தீர்மானமாகிறது. காகிதத்தில் இருக்கும்வரை இதையெல்லாம் ரப்பர் வைத்து அழித்து மாற்றலாம். கான்கிரீட் போட்ட பிறகு முடியாது. முதலில் ஷெட்டைக் கட்டிவிட்ட யூனிட்டுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்றுதான். கோடவுன், லாரி பாதை, ஆபீஸ், எடைமேடை எல்லாம் போக மிஞ்சிய மூலையில் கழிவுநீர்த் தொட்டிகளைத் திணித்திருப்பார்கள். மிஞ்சும் மூலை பெரும்பாலும் நிலத்தின் தாழ்வான மூலை. தாழ்வான மூலையை ஒட்டித்தான் ஓடையும் போகும். உங்கள் வரைபடத்திலும் அதே கதைதான். கிழக்கு எல்லையில், அதாவது நீங்கள் சொல்லும் ஓடை போகும் இடத்தை ஒட்டி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் என்று போட்டிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆலோசகர் சொன்ன தாக்க மதிப்பீட்டுக்கு வருகிறேன். மத்திய அரசின் 2006 செப்டம்பர் 14 அறிவிக்கை, எந்தெந்தத் தொழில்களுக்கு முன் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று பட்டியல் போட்டிருக்கிறது. சுரங்கம், அனல் மின் நிலையம், சிமென்ட், சர்க்கரை ஆலை, சாராய ஆலை, ரசாயனத் தொழில்கள் போன்றவை அதில் வரும். அவற்றில் ஏ பிரிவு டெல்லியில் உள்ள அமைச்சகத்துக்குப் போகும், பி பிரிவு மாநில ஆணையத்துக்குப் போகும். கருத்துக் கேட்புக் கூட்டமும் அந்தப் பட்டியலைச் சேர்ந்ததுதான். பழக்கூழ் தொழில் அதில் இல்லை. கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டினால் கட்டடத் திட்டம் என்ற தலைப்பில் கேள்வி எழும். உங்கள் ஷெட், கோடவுன் எல்லாம் சேர்த்தாலும் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. ஆகவே சுற்றுச்சூழல் அனுமதி என்ற வகையில் உங்களுக்குத் தேவை வாரியத்தின் இசைவாணை மட்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. ஹரியானாவில் ஃபார்மால்டிஹைட் தயாரித்த தொழிற்சாலைகள் சில, மாநில வாரியத்தின் இசைவாணைகளை முறையாக வாங்கி ஓடிக்கொண்டிருந்தன. அந்தத் தொழிலுக்கு 2006 அறிவிக்கைப்படி முன் அனுமதியும் வேண்டும் என்பது பின்னால்தான் பிரச்சினையாக வெடித்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், உச்ச நீதிமன்றம் என்று அலைந்து, 2022-இல்தான் அவர்களுக்கு ஒரு வழி பிறந்தது. வாரியம் இசைவாணை கொடுத்துவிட்டதாலேயே மற்ற அனுமதி வேண்டாம் என்று ஆகிவிடாது. உங்கள் அண்ணன் பிற்காலத்தில் வேறு தொழில் தொடங்குவதாக இருந்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தொழில்களை மாசின் அளவுக்கேற்ப சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016-இல் வகுத்தது. மாசுக் குறியீட்டெண் 60-உம் அதற்கு மேலும் என்றால் சிவப்பு, 41 முதல் 59 வரை ஆரஞ்சு. பழம், காய்கறி பதப்படுத்தும் தொழில் ஆரஞ்சில் வைக்கப்பட்டது. 2025-இல் இந்த வகைப்பாட்டைத் திருத்தியிருக்கிறார்கள். எனவே விண்ணப்பிக்கும் நேரத்தில் உங்கள் வகை எது என்று மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி ஓடை. நம் மாநிலத்தில் நீர்நிலைக்கு அருகே தொழில் வைப்பதில் மற்ற மாநிலங்களைவிடக் கடுமையான பழைய ஆணைகள் உண்டு. 1989-இல் வந்த அரசாணை எண் 213, கடும் மாசு உண்டாக்கும் தொழில்களை ஆறு, ஓடை, அணை போன்றவற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அனுமதிக்கக் கூடாது என்றது. 1998-இல் வந்த அரசாணை எண் 127, காவிரி, பெண்ணையாறு, பாலாறு, வைகை, தாமிரபரணி ஆகியவற்றுக்கு அந்தத் தூரத்தை ஐந்து கிலோமீட்டர் ஆக்கியது. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளால் பாழான கிணறுகளும், திருப்பூர்ச் சாயக் கழிவு தேங்கி ஒரத்துப்பாளையம் அணையே பயனற்றுப் போனதும் நம் கண்ணெதிரே நடந்தவை. 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது எத்தனை குடும்பங்கள் வேலையில்லாமல் நின்றன என்பதும் தெரியும். அந்த ஆணைகள் சாயம், தோல், காகிதம் போன்ற தொழில்களைக் குறிவைத்தவை, பழக்கூழை அல்ல. ஆனாலும் பெண்ணையாற்றுப் படுகையில் ஓடையை ஒட்டி நிலம் வைத்திருக்கும் ஒருவரிடம் வாரியத்தின் உதவிப் பொறியாளர் முதலில் கேட்கப்போவது, ஓடை எத்தனை மீட்டர், ஏரி எத்தனை மீட்டர் என்பதைத்தான். அதை மறைக்கவும் முடியாது. ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள நீர்நிலை, வீடு, பள்ளி, கோயில், விவசாய நிலம் எல்லாவற்றையும் தூரத்தோடு குறித்த வரைபடம் விண்ணப்பத்துடன் போக வேண்டும். ஆலோசகர் கொடுத்த வரைபடத்தில் ஓடையே இல்லை. அரசின் நில அளவைப் புலப்படத்தில் இருக்கும் ஓடை விண்ணப்பத்தில் காணாமல் போனால், மற்ற எல்லா எண்ணையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

மாம்பழக்கூழ் ஆலைக் கழிவுநீரில் விஷமில்லை, வெறும் பழச்சாறுதானே என்று பலர் நினைக்கிறார்கள். ஓடைக்கு அந்தப் பழச்சாறே போதும். சர்க்கரையைத் தின்னும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனையும் சேர்த்துத் தின்றுவிடும், மீன் செத்து மிதக்கும். இந்த ஆக்சிஜன் தேவையைத்தான் பி.ஓ.டி. என்று அளக்கிறோம். வீட்டுச் சாக்கடையில் அது லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம் இருக்கும். பழம் பதப்படுத்தும் ஆலையில் ஆயிரத்தைத் தாண்டும். நீர்நிலையில் விட அனுமதிக்கப்பட்ட அளவு 30. ஆயிரத்திலிருந்து முப்பதுக்கு இறக்க வேண்டும் என்றால் இரண்டு சிமென்ட் தொட்டியும் ஒரு மோட்டாரும் போதாது என்பது உங்களுக்கே புரியும்.

இதில் உங்கள் தொழிலுக்கே உரிய ஒரு சங்கடம் இருக்கிறது. ஆலை வருஷத்தில் இரண்டு, மூன்று மாதம்தான் ஓடும். சுத்திகரிப்பைச் செய்பவை உயிருள்ள நுண்ணுயிர்கள், மீதி மாதங்களில் அவை பட்டினியில் செத்துவிடும். மே மாதம் முதல் லோடு இறங்கிய அன்று ஸ்விட்சைப் போட்டால், காற்றூட்டும் ஏரேஷன் தொட்டியில் வெறும் காற்றுக் குமிழிதான் வரும், சுத்திகரிப்பு நடக்காது. கழிவுநீர் புளித்து நாறும், அக்கம்பக்கத்தில் சண்டை தொடங்கும். ஆகவே சீசனுக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே சாணக் கரைசலோ, ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு நிலையத்தின் சேறோ கொண்டுவந்து விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக உணவு கொடுத்து நுண்ணுயிர்களை வளர்த்தெடுக்க வேண்டும். இதற்கான திட்டத்தை விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். தொழில் தெரிந்து செய்கிறார்கள் என்ற நம்பிக்கை அதைப் படிக்கும் பொறியாளருக்கு வரும்.

அடுத்தது சமன்தொட்டி, அதாவது வெவ்வேறு கழிவுநீரை முதலில் ஒன்றாகக் கலக்கவிடும் தொட்டி. ஷிஃப்ட் முடிந்து குழாய்களையும் இயந்திரங்களையும் காஸ்டிக் சோடா விட்டுக் கழுவும்போது வரும் தண்ணீர் கடுங்காரம். பழம் கழுவி, தோல் சீவி வரும் தண்ணீர் புளிப்பு. இரண்டும் வேறு வேறு நேரத்தில் நேராக ஏரேஷனுக்குப் போனால் வளர்த்த நுண்ணுயிர் மொத்தமும் ஒரே ராத்திரியில் காலி. ஒரு நாள் கழிவுநீர் முழுவதும் தங்கிக் கலக்கிற அளவுக்குப் பெரிய சமன்தொட்டி வேண்டும். ஆலோசகர் வரைந்ததில் அது நான்கு மணி நேரக் கழிவுநீருக்குத்தான் இடம் கொடுக்கிறது.

தண்ணீர்க் கணக்கும் எனக்குத் திருப்தியாக இல்லை. நாளைக்கு மொத்தம் 15,000 லிட்டர் என்று காட்டியிருக்கிறார். நீங்கள் குறிப்பிட்ட 60 தொழிலாளர்களுக்குத் தலைக்கு 45 லிட்டர் வைத்தாலே 2,700 லிட்டர் போய்விடுகிறது. மிச்சத்தில் 50 டன் பழம் கழுவி, பாய்லருக்கு விட்டு, கூலிங் டவருக்கு விட்டு, ஒட்டும் கூழ் சிந்திய தரையை ஷிஃப்டுக்கு ஒருமுறை கழுவி முடிக்க முடியுமா? குறைத்துக் காட்டினால் கட்டணமும் கேள்வியும் குறையும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். விண்ணப்பக் கட்டணம் உங்கள் நிலையான சொத்து மதிப்பைப் பொறுத்தது, தண்ணீரைக் குறைத்துக் காட்டி அதில் மிச்சம் பிடிக்க முடியாது. இசைவாணையில் அந்த 15,000-ஐத்தான் உச்ச வரம்பாக அச்சடித்துக் கொடுப்பார்கள். மீட்டரில் ஒரு நாளைக்கு 60,000 லிட்டர் ஓடினால் முதல் சீசனிலேயே இசைவாணையை மீறியவர் ஆகிவிடுவீர்கள். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் எவ்வளவு தண்ணீர் என்று சப்ளையரிடம் எழுத்தில் வாங்குங்கள். ஓடுகிற யூனிட் ஏதாவதில் தெரிந்தவர் இருந்தால், சீசன் உச்சத்தில் மீட்டர் என்ன காட்டியது என்று கேட்டு ஒப்பிடுங்கள். போர்வெல் தண்ணீர்தான் ஆதாரம் என்றால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றுக்கும் இப்போதே மனுப் போட்டுவிடுங்கள், அதற்குத் தனியாக நாள் பிடிக்கும்.

எல்லாரும் மறப்பது பழம் இறக்கும் களம். உங்கள் சீசன் பாதி போகும்போது தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். அழுகிய பழமும் வழிந்த சாறும் கிடக்கும் திறந்த களத்தில் ஒரு மழை பெய்தால் அத்தனையும் கழுவிக்கொண்டு ஓடைக்குப் போகும், சுத்திகரிப்பு நிலையம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. களத்துக்குக் கூரை போடுங்கள். தரைச் சரிவு சமன்தொட்டியைப் பார்த்து இருக்கட்டும். கூரையில் விழும் மழைத் தண்ணீருக்குத் தனிக் கால்வாய் கொடுங்கள், இரண்டும் எங்கேயும் கலக்கக் கூடாது. தோல், கொட்டை மட்டும் பழத்தின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு வரும், அதாவது உங்களுக்கு நாளைக்கு ஏறக்குறைய 20 டன். அதைக் குவித்து வைத்தால் இரண்டே நாளில் ஈயும் நாற்றமும். மாட்டுத் தீவனத்துக்கோ சாண எரிவாயு நிலையத்துக்கோ எடுத்துக்கொள்பவரோடு ஒப்பந்தம் போட்டு, அதன் நகலை விண்ணப்பத்தோடு வையுங்கள்.

சுத்திகரித்த தண்ணீரை எங்கே விடுவது? ஓடையில் விடும் எண்ணமே வேண்டாம். உங்களிடம் ஐந்தரை ஏக்கர் இருக்கிறது. மேற்குப் பக்கம் இரண்டு ஏக்கரைத் தீவனப் புல்லுக்கும் மரங்களுக்கும் ஒதுக்கிக் காட்டுங்கள். மழை நாளில் நிலம் குடிக்காது என்பதால், சில நாள் தண்ணீரைத் தேக்கிவைக்க அடியில் சீட் விரித்த ஒரு குட்டையும் வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்தையும் ஓடைக்கரையிலிருந்து எடுத்து நிலத்தின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பம்பு செய்யும் செலவு கொஞ்சம் கூடும், பரவாயில்லை. ஓடைக்கரை நெடுக மரம் வையுங்கள்.

காற்று பக்கம் உங்களுக்குப் பெரிய சிக்கல் இல்லை. விறகோ பிரிக்கெட்டோ எரிக்கும் பாய்லருக்குத் தூசு பிடிக்கும் சைக்ளோனும், மாதிரி எடுக்கத் துளையும் மேடையும் உள்ள புகைபோக்கியும் வேண்டும். ஜெனரேட்டர் குழாய்க்கு ஒரு சூத்திரம் உண்டு: ஜெனரேட்டரின் திறனைக் காட்டும் கே.வி.ஏ. எண்ணின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கிக் கட்டட உயரத்தோடு கூட்ட வேண்டும். உங்கள் 125 கே.வி.ஏ. செட்டுக்கு அது கட்டடத்துக்கு மேல் 2.24 மீட்டர்.

விண்ணப்பம் முழுக்க ஆன்லைனில்தான். பத்திரம், பட்டா, புலப்படம், நில வகைப்பாட்டுச் சான்று, ஆடிட்டர் தரும் சொத்து மதிப்புச் சான்று, உற்பத்தி முறை விளக்கம், தண்ணீர்க் கணக்கு, சுத்திகரிப்புத் திட்டம், ஒரு கிலோமீட்டர் வரைபடம் ஆகியவை தயாராக இருந்தால் ஏற்றிவிடலாம். பிறகு பொறியாளர் நிலத்தைப் பார்க்க வருவார். அன்றைக்கு ஆலோசகரை மட்டும் அனுப்பாதீர்கள், அண்ணனும் நீங்களும் அங்கே இருங்கள். நான்கு மாதத்தில் பதில் வராவிட்டால் இசைவு கிடைத்ததாகவே கொள்ளலாம் என்று நீர்ச் சட்டத்தில் ஒரு வரி இருப்பதை யாராவது காட்டுவார்கள். எல்லா வகையிலும் முழுமையான விண்ணப்பம் என்றால்தான் அந்த நான்கு மாதக் கணக்கே தொடங்கும். ஓடையே இல்லாத வரைபடத்தோடு போனால் தொடங்காது. மறுத்தால், ஆணை கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீட்டு ஆணையத்துக்குப் போகலாம், அதற்கும் மேலே பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறது. ஆனால் திருத்திய திட்டத்தோடு போனால் உங்களுக்கு மறுப்பு வரக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த சீசன் கிடைக்குமா என்று கேட்டால், கிடைக்காமல் போகலாம் என்றே சொல்வேன். ஒரு சீசன் வருமானம் போவது வலிக்கும்தான், வட்டி ஓடும் என்பதும் தெரியும். அதனால் கடன் தொகையை இப்போதே எடுக்காமல், இசைவாணை வந்த பிறகு விடுவிக்கும்படி வங்கியில் பேசுங்கள். பல வங்கிகள் அந்தக் காகிதத்தைப் பார்க்காமல் பணம் விடுவிப்பதும் இல்லை. இடைப்பட்ட நாளில் செய்ய வேலை இருக்கிறது. நிலத்தை அளந்து வேலி போடுங்கள், காவலாளிக்கு ஒரு தற்காலிகக் கொட்டகை போடுங்கள். மண் பரிசோதனை, மட்ட அளவீடு, இயந்திர விலைப்புள்ளி எல்லாம் முடியுங்கள். கட்டட வரைபட அனுமதி, தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம், பாய்லர் பதிவு, உணவுப் பாதுகாப்பு உரிமம் ஆகியவற்றுக்குக் காகிதங்களைச் சேர்த்து வையுங்கள். ஆலை தயாரான பிறகு, பழம் காத்திருக்கிறதே என்று சி.டி.இ.யை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஓட்டிவிடவும் கூடாது. சி.டி.ஓ.வுக்கு மார்ச்சுக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

பக்கத்துத் தோட்டக்காரர்களைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. அவர்கள் குடிப்பதும் பாய்ச்சுவதும் அதே நிலத்தடி நீர். சட்டப்படி உங்களுக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை என்பதால் அவர்களிடம் பேசத் தேவையில்லை என்று ஆகிவிடாது. திருத்திய வரைபடத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காட்டுங்கள். தொட்டி எங்கே, தண்ணீர் எங்கே போகிறது, நாற்றம் வந்தால் யாருக்குப் போன் பண்ணுவது என்று சொல்லுங்கள். அவர்கள் சொல்வதில் உங்களுக்குத் தெரியாத தகவல் இருக்கும், உதாரணமாகப் பெருமழையில் அந்த ஓடை எந்தக் கரையை உடைத்துக்கொண்டு வரும் என்பது.

கட்டுமானம் தொடங்குவதற்கு முன், சுற்றியுள்ள நாலைந்து கிணறுகளிலும் ஏரியிலும் தண்ணீர் மாதிரி எடுத்து, வாரியத்தின் ஆய்வகத்திலோ அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்திலோ கொடுத்துச் சோதியுங்கள். கிணற்றுக்காரர் முன்னிலையில் எடுத்து, பாட்டிலில் அவர் கையெழுத்தையும் வாங்குங்கள். நாளைக்கு ஒரு கிணறு கெட்டுப்போனால் உங்கள் ஆலையாலா, வேறு காரணத்தாலா என்று சொல்ல இருதரப்புக்கும் அந்த அறிக்கை மட்டும்தான் ஆதாரம். மழைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை எடுத்துவிட்டு, ஒவ்வொரு அறிக்கையிலும் ஒரு நகலை அந்தந்தக் கிணற்றுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.